மச்சம் இருக்கும் பக்கம்

கூந்தலைப் பட்டாக்கும் சீரம் விற்கிற கம்பெனியின் வரவேற்பு மேசையில், ஒன்பது வருடமாகப் பரட்டைத் தலையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது யார் குற்றம்? கம்பெனியின் குற்றமா, தலையின் குற்றமா? ஒன்பது வருடம் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய அன்று பிடித்தது சனி.

பள்ளிக்கூடத்தில் எவளோ வைத்த 'சுருட்டை' என்ற பட்டப்பெயர் அவளோடு கல்லூரிக்குப் போய், கல்யாணத்துக்கும் போய், கடைசியில் கம்பெனிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொல்லப்போனால் சுருட்டை என்பதே மரியாதைதான். சுருள் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இவள் முடிக்கு அதெல்லாம் கிடையாது. காலையில் ஈரத்தோடு இழுத்துக் கட்டினால் ஒன்பது மணி வரை அடங்கிக் கிடக்கும். பத்து மணிக்கு நெற்றியோரம் நாலு முடி எழுந்து நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குள் மொத்தத் தலையும் போர்க்கொடி தூக்கிவிடும். நுனிகளோ வெடித்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சீப்பைக் கண்டாலே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மழை வரப் போகிறதென்றால் கேட்கவே வேண்டாம். வாசல் காவலாளி வானத்தைப் பார்க்க மாட்டார். சுருட்டையின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் காயும் தன் சட்டையை எடுப்பார்.

ஆனால் குரல் இருக்கிறதே, அதில் ஒரு சிடுக்கு கிடையாது. "வணக்கம், உங்கள் கூந்தல் எங்கள் பொறுப்பு" என்று அவள் தொலைபேசியில் சொன்னால், திட்டுவதற்காகவே நம்பரைத் தேடிப் பிடித்தவர்கள்கூட "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவே" என்று வைத்துவிடுவார்கள். அந்தக் குரலுக்காகத்தான் அவளை உட்கார வைத்தார்கள். குரலுக்கு மேலே தலை என்று ஒன்று இருப்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் பெரிய டீலர். ஒரு நாள் மேலே போகக் காத்திருந்தவர், சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி விளம்பரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, 'போடறதுக்கு முன்னாடி'ன்னு ஒரு படம் காட்டுவாங்களே, அதுக்குத்தான் உன்ன இங்க உக்கார வெச்சிருக்காங்களா?"

தன் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு லிஃப்ட் ஏறினார். சுருட்டையும் சிரித்து வைத்தாள். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்? அந்த மனிதர் அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. மேலே போய் விற்பனை மேடத்திடமும் அதே ஜோக்கைச் சொன்னார். மேடம் சிரிக்கவில்லை.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முடி நேர்கோடு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அளவுகோல்தான் வளைந்திருக்கும். மின்விசிறிக்கு அடியில் உட்கார மாட்டார். பையில் எப்போதும் இரண்டு குடை இருக்கும். ஒன்று மழைக்கு, இன்னொன்று முதல் குடை கைவிட்டால். காலை நாலரைக்கு எழுந்து அந்த முடிக்கு என்னென்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

"உக்காரும்மா," என்றார் மேடம். "நீ நல்லா வேலை பாக்கற. உன்மேல ஒரு குறையும் இல்ல."

இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று சுருட்டைக்குத் தெரியாதா? 

"உன் தலைதான் பிரச்சினை. நாப்பது நாள் டைம் தரேன். புது சீரத்துக்கு ஆராய்ச்சி பண்ண ஒரு தலை வேணும்னு லேப்ல கேட்டுட்டே இருக்காங்க. நீ போய் உக்காரு. முடி அடங்கிடுச்சுன்னா சீட்டு உனக்கேதான். அடங்கலன்னா குடோன்ல பில் போடற இடம் காலியா இருக்கு. அங்க யாரும் உன் தலையைப் பாக்க மாட்டாங்க, உனக்கும் நிம்மதி."

குடோனில் வேலை முடிய இரவு எட்டாகும். வரவேற்பில் அஞ்சு மணிக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்பினால், அஞ்சரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம். அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள், அதே தலையோடு, படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் அரைமணி நேரம் நடந்து வீட்டுக்கு வருவார்கள். அந்த அரைமணியில்தான் பாப்பா பேசுவாள். யார் அடித்தார்கள், யார் அழுதார்கள், டீச்சர் எதற்குக் கத்தினார், எல்லாம் வரும். வீட்டு வாசல் தாண்டிவிட்டால் வாய்க்குப் பூட்டு. அதன்பிறகு எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல". கணவனை நம்ப முடியாது. லிஃப்ட் மெக்கானிக், எந்த நேரம் எந்த மாடியில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆக, அந்த நாற்காலி போனால் அந்த அரைமணியும் போகும். அவளுக்குக் கவலை அதுதான். தலை எப்படிப் போனால் என்ன!

"வரேன் மேடம்," என்றாள்.

லேபுக்குப் போனால், லேப் சார் ஒரு தாளை நீட்டினார்.

"பாதித் தலைக்குத்தான் சீரம். மீதிப் பாதிக்கு நம்ம சரக்கு எதுவும் படக் கூடாது. அப்பத்தான் வித்தியாசம் தெரியும். அறிவியல்ல இப்படித்தான்."

"சார், முழுத் தலையும் அடங்கினாத்தான் சீட்டுன்னு மேடம் சொன்னாங்களே?"

"அது ஆபீஸ் விஷயம். இது அறிவியல்."

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தலையை அடுத்த அறையில் பார்லர் அக்காவிடம் ஒப்படைத்தார்கள். இருபது வருடம் அழகு நிலையம் நடத்தி, முழங்கால் வலியில் மூடிவிட்டு, இங்கே லேபில் முடி வெட்டிக் கழுவிக் கொடுக்கிற வேலைக்கு வந்தவர் அவர். சுருட்டையை உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை வகிடு எடுத்தார். வலது பக்கம் சீரம், தினமும் சூடு வைத்து முடியை நீட்டுகிற ஸ்ட்ரெய்ட்னர். இடது பக்கம் சும்மா. நோட்டில் அப்படியே எழுதினார்.

எழுதிவிட்டு இடது பக்கத்து நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் "ஐயையோ" என்றார்.

"என்னக்கா?"

"எப்படிம்மா இத வெச்சிட்டு நடமாடற? நுனி வெடிச்சா அது அங்கயே நிக்காது, மேல மேல கிழிச்சிட்டுப் போகும். வலது பக்கம் நான் கை வைக்க முடியாது. 'வெடித்த நுனியை ஒட்டும் சீரம்'னு பாட்டில்ல போட்டிருக்கானே, வெட்டினா எதை ஒட்டுறது? இடது பக்கத்துக்குச் சரக்கு படக் கூடாதுன்னுதான் தாள்ல இருக்கு. கத்திரி படக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப வாயை மூடிட்டு உக்காரு."

கைபடாமல் விட அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இடது பக்கத்தில் இரண்டு விரல் அளவுக்கு வெடித்த நுனியெல்லாம் தரையில் விழுந்தது. கூடவே உபதேசமும்.

"தலை துவட்டறப்போ துண்டை வெச்சுப் பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்க்காத. உன் வீட்டுக்காரரோட பழைய காட்டன் சட்டை இருக்கும்ல, அதைச் சுத்தி விடு, அதுவே உறிஞ்சிக்கும். காய்ஞ்ச முடியில சீப்பு வைக்கவே வைக்காத. ஈரமா இருக்கறப்போ, அகலப் பல் சீப்பால, கீழ இருந்து ஆரம்பிச்சு மேல வா. எல்லாரும் உச்சந்தலையில ஆரம்பிச்சு இழுப்பாங்க, பாதி முடி சீப்போட போயிடும். இவ்ளோதான். இதுக்கு பாட்டில் வேண்டாம்."

முதல் பத்து நாள் வலது பக்கம் பளபளத்ததைப் பார்க்க வேண்டுமே! வழுக்கி விழுந்தது. சுருட்டை கண்ணாடியில் வலது பக்கமாகவே திரும்பி நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டாள். பதினைந்தாம் நாள் அந்தப் பளபளப்புக்கு அடியில் சொரசொரவென்று ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. இருபத்தைந்தாம் நாள் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் கருகல் நாற்றம் வந்தது. நாற்பதாம் நாள் வலது பக்கம் தேய்ந்த துடைப்பம். நுனியை ஒட்ட வந்த சீரம், நுனி நாலை எட்டாக்கிவிட்டுப் போயிருந்தது. இடது பக்கமோ, யாரும் கேட்பாரில்லாமல், சத்தமில்லாமல், வளையம் வளையமாகச் சுருண்டு தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு இருப்பது பரட்டை இல்லை, நிஜமாகவே சுருட்டைதான் என்பது முப்பத்தாறு வயதில் அவளுக்குத் தெரிந்தது.

வரவேற்பில் வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. வாசல் அவளுக்கு வலது பக்கம், லிஃப்ட் இடது பக்கம். உள்ளே வருகிறவர்கள் துடைப்பத்தைப் பார்ப்பார்கள். லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் வளையங்களைப் பார்ப்பார்கள். கூரியர்காரர் மேலே போய்க் கவரைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து, "இப்பதான் ஒரு அக்கா இருந்தாங்களே, அவங்க எங்கங்க?" என்று இவளிடமே கேட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். "ஒரு கதவு கச்சிதமா மூடுது, ஒரு கதவு எகிறிட்டு நிக்குது," என்றான் கணவன். "எங்க லிஃப்ட் கம்பெனிக்குப் போன் பண்ணு, சர்வீஸ் பண்ணித் தருவாங்க."

"உங்க கம்பெனி சர்வீஸ் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே," என்று அவளும் விடவில்லை.

நாற்பதாம் நாள் படம் எடுக்கப் போட்டோக்காரர் வந்தார். பார்லர் அக்கா அன்று முழங்காலுக்கு டாக்டரிடம் போயிருந்தார். லேப் சார் நோட்டை மட்டும் நீட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். போட்டோக்காரர் படித்தார்: வலது, சீரம். இடது, சும்மா. சுருட்டைக்கு நேர் எதிரே நின்று கிளிக்கினார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வலது எது? சுருட்டையின் இடது. படத்தில் வலது கைப்பக்கம் தெரிந்த வளையங்களுக்குக் கீழே 'சீரத்துக்குப் பின்' என்று எழுதினார். துடைப்பத்துக்குக் கீழே 'சீரத்துக்கு முன்' என்று எழுதினார். அந்த மனிதர் மேல் தப்பே சொல்ல முடியாது. தலைக்குப் பின்னால் நின்று எழுதியதை அவர் முன்னால் நின்று படித்தார், அவ்வளவுதான்.

இந்த நாற்பது நாளும் மேடம் ஊர் ஊராக டீலர்களைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவர் பார்த்தது தலையை இல்லை, படத்தை. "அடேயப்பா!" என்று அவர் போட்ட சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. மூன்றாம் நாள், ஆளுயரத்தில் சுருட்டையின் முகம் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே சுவரில் ஏறிவிட்டது. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் பரட்டை, ஒரு பக்கம் பட்டு.

சுருட்டை அண்ணாந்து பார்த்தாள். எங்கேயோ இடித்தது. அவளுக்கு இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் ஒன்று உண்டு. படத்தில் அந்த மச்சம் 'சீரத்துக்குப் பின்' என்ற பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மச்சம் இருக்கிற பக்கத்தில் சீரம் ஒரு சொட்டுகூடப் படவில்லையே!

நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். சொல்லத்தான் போனாள், பொய் சொல்வானேன்.

"வா வா வா!" மேடம் எழுந்தே நின்றுவிட்டார். "நீதாம்மா இனிமே கம்பெனியோட முகம். அந்த சீட்டை விட்டு உன்ன எவனும் அசைக்க முடியாது. அடுத்த வாரம் டீலர் எல்லாரும் வராங்க, மேடையில நீதான் நிக்கப் போற. ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

நாற்காலி. அஞ்சு மணி. படிக்கட்டில் பாப்பா. 

"ஒண்ணுமில்ல மேடம். நன்றி சொல்ல வந்தேன்."

பார்லர் அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்லாத வரைக்கும் நானும் சொல்லல. உன் சீட்டு, உன் பாடு," என்றார். சுருட்டை தலையை ஆட்டினாள். ஊரில் எத்தனை பொய் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், இதில் என் ஒருத்தி மச்சமா கெட்டுப்போச்சு என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். ஒரு வாரம் நன்றாகவே தூங்கினாள்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம். அடுப்படியில் இருந்தவளுக்கு அந்த நாற்றம் வந்தது. கருகல் நாற்றம். பதினைந்து நாள் பழகிய மூக்கு, ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. அடுப்பை அணைக்காமல்கூட ஓடினாள்.

அறைக்குள் பாப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில், லேபிலிருந்து சுருட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஸ்ட்ரெய்ட்னர். மேசைமேல், கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த சீரம் பாட்டில், பாதி காலி. பக்கத்தில் சுருட்டையின் அந்தப் படம் அச்சடித்த கம்பெனி நோட்டீஸ். அவள் தலையில் ஒரு பக்கம் மட்டும், கன்னத்து உயரத்தில், முடி கருகிச் சுருங்கி நின்றது. தொட்டால் நுனி பொடிந்து விரலில் ஒட்டியது. காது மடல் சிவந்திருந்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்க!" என்று கத்தினாள் சுருட்டை. கத்திய பிறகுதான் பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு பக்கம்தாம்மா போட்டேன்," என்றாள் பாப்பா. "உன் போட்டோல இந்தப் பக்கம்தானே போட்டிருக்கு? இந்தப் பக்கம்தானே அழகா இருக்கு? என்னை எல்லாரும் பரட்டைங்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

சுருட்டை குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எந்த அரைமணியைக் காப்பாற்ற வாயை மூடினாளோ, அந்த அரைமணிக்கு உரியவளின் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது! தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனாள். பார்லர் அக்கா கருகியதையெல்லாம் காதுக்கு மேலே வெட்டி, மறு பக்கத்தையும் அதற்குச் சமமாக்கி, குழந்தையின் தாடையைப் பிடித்துக் கண்ணாடியில் காட்டினார்.

"இது வளரும் கண்ணு. நல்லதா வளரும்."

"எப்போ?"

"நீ கண்ணாடி பாக்கறத மறந்தேன்னா சீக்கிரமே."

பள்ளிக்கூடத்தில் விடும்போது பாப்பா கேட்டாள்: "அம்மா, நிஜமாவே அது சீரம் போட்ட பக்கமா?"

"இல்லடா," என்றாள் சுருட்டை.

"அப்ப ஏன் அப்படி எழுதியிருக்கு?"

சுருட்டை அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிவிட்டாள்.

விழா, கம்பெனியின் மேல் மாடிக் கூடத்தில், மதியம் மூன்று மணிக்கு. நூறு டீலர்கள், நூறு காபி, மேடையில் ஆளுயரப் படம், படத்துக்குப் பக்கத்தில் ஆள். கூடத்தின் மின்விசிறிகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. காரணம் மேடத்துக்குத் தெரியும். முன் வரிசையில் அதே பெரிய டீலர்.

"இதோ பாருங்க," என்றார் மேடம், "அறிவியல்பூர்வமா நிரூபிச்சிருக்கோம். நாப்பதே நாள். ஏம்மா, எந்தப் பக்கம் சீரம் போட்டேன்னு நீயே உன் வாயால சொல்லு."

சுருட்டை வலது பக்கத்துத் துடைப்பத்தைக் கையில் பிடித்தாள்.

"இந்தப் பக்கங்க."

 மேடம் சிரித்தார். "பாவம், மேடைன்னாலே பயம். வலது எது இடது எதுன்னுகூட..."

"பயம் எல்லாம் இல்ல மேடம்." தொலைபேசியில் நூறு பேரைச் சமாளித்த அந்தக் குரல் கடைசி வரிசைவரை போனது. "படத்துல மச்சம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. அது என் இடது கன்னம். அந்தப் பக்கம் சீரம் படவே இல்ல. பட்டது இந்தப் பக்கம்தான். லேப் நோட்டுல இருக்கு. படம் எடுத்தவர் எதிர்ல நின்னு எடுத்ததுல பக்கம் மாறிப்போச்சு. எனக்கு ஒரு வாரமாத் தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு."

பெரிய டீலர் முன்னால் சாய்ந்தார். "அப்ப அந்தப் பக்கத்துக்கு என்னம்மா போட்ட?"

"தண்ணிங்க. அப்புறம் நுனியில கொஞ்சம் கத்திரி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நாலு பேர். கூடமே சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் மேடம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். மேடம் எப்படி மேடம் ஆனார் என்பது சுருட்டைக்கு அன்றுதான் புரிந்தது.

"பாத்தீங்களா!" என்றார். "இதுதான் எங்க கம்பெனியோட நேர்மை! எந்தக் கம்பெனி இப்படி மேடையில உண்மையைச் சொல்லும்? நம்ம லேப்ல வெறும் தண்ணியே இப்படி வேலை செய்யுதுன்னா, அந்தத் தண்ணியில நம்ம சீரத்தையும் கலந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!"

டீலர்கள் யோசித்தார்கள். ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. நாலு பேர் மட்டும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் அங்கேயே ஆர்டர் எழுதினார்கள். சுருட்டை பார்த்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்லிவிட்டால் என்னென்னவோ ஆகும் என்று பயந்தாளே, உண்மைக்கு இந்தக் கூடத்தில் அவ்வளவுதான் விலை.

பெரிய டீலர் ஆர்டர் எழுதவில்லை. போகும்போது மேடையோரம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கத்திரின்னா, எவ்ளோ வெட்டணும்?" என்று கேட்டார். "என் பொண்ணுக்கும் இப்படித்தான். தினமும் அழுவுது." ரெண்டு விரல் என்று அவள் காட்ட, அவரும் தன் இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே போனார்.

நாலரைக்கு மேசைமேல் கடிதம் வந்தது. திங்கட்கிழமை முதல் குடோன். காலை பதினொன்றிலிருந்து இரவு எட்டு. கையெழுத்து: விற்பனை மேடம்.

சுருட்டை அழவில்லை. முந்தின நாளே அழுது முடித்திருந்தாள். மேசை அறையைத் திறந்து, ஒன்பது வருடத்துப் பொருட்களை ஒரு பையில் போட ஆரம்பித்தாள். பேனா, டப்பா, பாப்பா முதல் வகுப்பில் வரைந்த படம், தலையில் சுற்றுகிற பழைய காட்டன் சட்டை, அகலப் பல் சீப்பு. வலது பக்கத் தலை மெல்ல எழுந்து நின்றது. வாசலில் காவலாளி அதைப் பார்த்துவிட்டுக் கொடியை நோக்கி ஓடினார்.

கொட்டியதே மழை! பெரிய டீலரைக் கார்வரை விட்டு மனசை மாற்ற மேடம் குடையோடு வெளியே போயிருந்தார். ஒரு குடையை அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இன்னொரு குடையைக் காற்று ஒரே உதறில் தலைகீழாக்கியது. மேடம் வரவேற்புக்குள் ஓடி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். அந்த நேர்கோடுகள் ஒவ்வொன்றாக வளைந்தன. அப்புறம் எழுந்தன. அப்புறம் விரிந்தன. இரண்டு நிமிடத்தில் மேடத்தின் தலையில், சுருட்டையின் வலது பக்கமே தோற்கும்படி ஒரு புதர் நின்றது. நுனியெல்லாம் கருகி, நாலாக, எட்டாக. இருபது வருடத்துக் கருகல்.

மேலே லிஃப்ட் மணி அடித்தது. டீலர்கள் இறங்கி வருகிறார்கள்.

மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒளிய வேறு இடமில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பாய்ந்து, சுருட்டையின் நாற்காலியில் விழுந்து, குனிந்துகொண்டு இரண்டு கையாலும் தலையைத் தேய்த்தார்.

"தேய்க்காதீங்க மேடம்," என்றாள் சுருட்டை. பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினாள். "சும்மா சுத்திவிடுங்க. அதுவே உறிஞ்சிக்கும்."

மேடம் சுற்றிக்கொண்டார். டீலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். மேசைக்குப் பின்னால் தலையில் சட்டையைச் சுற்றி யாரோ ஒருத்தி குனிந்திருப்பதைப் பார்த்தவர்கள், கூட்டிப் பெருக்குகிற அம்மாள் என்று நினைத்திருப்பார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசல் காலியானதும் மேடம் நிமிர்ந்தார். முகத்தில் அந்த மிடுக்கைக் காணோம்.

"சின்ன வயசுல என்ன முள்ளம்பன்றின்னு கூப்பிடுவாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். சட்டைக்கு வெளியே நீண்ட ஒரு முடியைப் பிடித்துப் பார்த்து, "இந்த நுனிக்கு இனிமே ஏதாவது பண்ண முடியுமா?"

"வெட்டணும் மேடம். நிறைய வெட்டணும். அப்புறம் சும்மா விடணும்."

"அந்த லெட்டர இங்க குடு."

சுருட்டை கொடுத்தாள். மேடம் அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை நீ இங்கயே வா. வரும்போது அந்த அகலப் பல் சீப்பையும் எடுத்துட்டு வா. எட்டரைக்கே வா, யாரும் வர்றதுக்கு முன்னாடி." சட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டார். "டிரைவர் வர்ற வரைக்கும் கொஞ்சம் இரு."

சுருட்டை கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு அடித்து இரண்டு நிமிடம்.

"முடியாது மேடம். என் பொண்ணு படிக்கட்டுல உக்காந்திருப்பா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னால் தொலைபேசி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பிப் பார்த்தாள். ஆளுயரப் படத்துக்குக் கீழே, பழைய சட்டையைத் தலையில் சுற்றிக்கொண்டு, மேடம் அந்தத் தொலைபேசியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க மேடம்," என்றாள் சுருட்டை. "நாலாவது மணிக்குள்ள எடுக்கணும். அது உங்க ரூல்தான்."

மேடம் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்," என்றார் ஈனசுரத்தில், "உங்கள் கூந்தல் எங்கள் பொறுப்பு."

சுருட்டை தலையை மூடாமலே மழையில் இறங்கி, பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினாள்.